நன்கொடை கேட்டு மெம்பர்ஷிப்பை இழுத்தடிக்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு கூட்டுறவு ஹவுசிங் சொசைட்டியில் பழைய பிளாட் ஒன்றை வாங்கினோம். அக்ரிமென்ட் பதிவாகிவிட்டது, முழுப் பணமும் கொடுத்தாயிற்று, குடியும் வந்துவிட்டோம். மெம்பர்ஷிப் விண்ணப்பத்தைச் செக்ரட்டரி கையில் கொடுத்து ஒன்பது வாரம் ஆகிறது. ரசீது தரவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு "பேப்பர் வந்தது, கமிட்டியில் வைக்கிறோம்" என்று ஒரு வரி மட்டும் வந்தது. இப்போது சேர்மன், ரிப்பேர் ஃபண்டுக்கு இரண்டு லட்சம் நன்கொடை கொடுத்தால் அடுத்த மீட்டிங்கிலேயே முடித்துவிடலாம் என்கிறார். சொசைட்டி உறுப்பினருக்குத் தரும் பங்குச் சான்றிதழை, அதாவது ஷேர் சர்டிபிகேட்டை, பாங்க் கேட்டு நெருக்குகிறது. கொடுத்துத் தொலைத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காலம் இப்போது உங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் காகிதத்தில் நிரூபிக்கிற வேலை மட்டும்தான் பாக்கி.

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1960, பிரிவு 22(2) இதைத் தெளிவாகச் சொல்கிறது. உங்களைச் சேர்க்க மறுப்பதென்றால், சொசைட்டி அந்த முடிவைக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். முடிவெடுத்த நாளிலிருந்து 15 நாள், அல்லது விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 3 மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள். மூன்று மாதம் ஆகியும் எந்த முடிவையும் தெரிவிக்கவில்லை என்றால், நீங்கள் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டதாகவே சட்டம் கருதும். கமிட்டி கூடவில்லை, செக்ரட்டரி ஊரில் இல்லை, பொதுக்குழு வரட்டும் என்று எந்தக் காரணம் சொன்னாலும் அந்த மூன்று மாதம் நீளாது.

ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? தகராறு எப்போதும் அங்கேதான் வரும். என்னிடம் வந்த ஒருவர் ஐந்து மாதம் பொறுமையாகக் காத்திருந்தார். "விண்ணப்பமே எங்களுக்கு வரவில்லை" என்று சொசைட்டி ஒரே வரியில் சொன்னபோது அவர் கையில் எதுவும் இல்லை. மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த வகையில் உங்கள் நிலைமை பரவாயில்லை. செக்ரட்டரியின் வாட்ஸ்அப் வரி ஓர் ஒப்புதல். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கும்போது பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழ் ஒன்றும் வைக்க வேண்டியிருக்கும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அந்த ஒரு வரியை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். இந்த வாரமே விண்ணப்பத்தின் முழு நகலையும் ஒரு கவரிங் லெட்டரோடு சொசைட்டிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ஈமெயில் இருந்தால் அதிலும் அனுப்புங்கள். கடிதத்தில் ஒரு வார்த்தைக்கு இடம் கொடுக்காதீர்கள்: "புதிய விண்ணப்பம்" என்று எழுதினால் ஒன்பது வாரத்தை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். "இன்ன தேதியில் நேரில் கொடுத்து, இன்ன தேதியில் நீங்கள் பெற்றதாக ஒப்புக்கொண்ட விண்ணப்பத்தின் நகல்" என்றே எழுதுங்கள். பழைய தேதியை அவர்கள் மறுத்தாலும், புதிய தேதியிலிருந்து ஒரு கணக்கு தானாக ஓடும்.

கடிதத்தையே வாங்க மறுத்தால்? அதற்கும் அதே கூட்டுறவுச் சட்டத்தில் பிரிவு 23(1ஏ) இருக்கிறது. விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் உங்கள் வார்டுக்கான கூட்டுறவுத் துறை டெபுடி ரெஜிஸ்ட்ராரிடம் கொடுக்கலாம். அவர் 30 நாளுக்குள் சொசைட்டிக்கு அனுப்புவார். அது கிடைத்த 60 நாளில் சொசைட்டி முடிவு சொல்லாவிட்டால், அப்போதும் நீங்கள் உறுப்பினர்தான்.

அடுத்து அந்த இரண்டு லட்சம். பிளாட் கைமாறும்போது சொசைட்டி வாங்கும் டிரான்ஸ்பர் பிரீமியம், மாநகராட்சி எல்லைக்குள் அதிகபட்சம் 25,000 ரூபாய். உங்கள் சொசைட்டியின் பொதுக்குழு அதற்குக் குறைவாகத் தீர்மானித்திருந்தால் அந்தத் தொகைதான். அதோடு டிரான்ஸ்பர் கட்டணம் 500, நுழைவுக் கட்டணம் 100. நன்கொடை என்றோ, ஏதோ ஒரு ஃபண்டுக்கு என்றோ, வேறு எந்தப் பெயரிலும் வாங்குபவரிடமோ விற்றவரிடமோ கூடுதலாக வசூலிக்கக் கூடாது என்று ஹவுசிங் சொசைட்டிகளுக்கான மாதிரி விதிகளிலேயே (மாதிரி பைலா) இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியவரிடம் இப்படிக் கேட்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சேர்மனோடு சண்டைக்குப் போக வேண்டாம். "தொகையையும் அதற்கான தீர்மானத்தையும் எழுத்தில் கொடுங்கள்" என்று பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது, பேச்சும் அதோடு நின்றுவிடும்.

நியாயமாகக் கட்ட வேண்டியதை மட்டும் பாக்கி வைக்காதீர்கள். விற்றவரின் மெயின்டனன்ஸ் நிலுவை இருந்தால் பங்கு மாற்றமே செல்லாது. சொசைட்டிக்கு உருப்படியான ஆட்சேபம் என்று ஒன்று கிடைத்தால் அது இதுதான். பிரீமியம், கட்டணங்கள், நிலுவை எல்லாவற்றையும் செக்காகக் கொடுத்து ரசீது கேளுங்கள்.

மூன்று மாதம் முடிந்த பிறகு, சட்டப்படி உறுப்பினர் என்பதால் மட்டும் ஷேர் சர்டிபிகேட் தானாக வீடு தேடி வராது. சொசைட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால், நீங்கள் உறுப்பினரா இல்லையா என்பதை இரு தரப்பையும் கேட்டு ரெஜிஸ்ட்ரார் முடிவு செய்வார். அந்த உத்தரவின் நகல் பாங்குக்கும் உதவும். இதற்கிடையில் சொசைட்டி காரணம் காட்டி மறுத்துவிட்டால், அந்த முடிவின் தேதியிலிருந்து 2 மாதத்துக்குள் பிரிவு 23(2)-இன்படி ரெஜிஸ்ட்ராரிடம் அப்பீல் செய்ய வேண்டும். கூடியவரை 3 மாதத்தில் அவர் அதை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்த 2 மாதத்தைத் தவறவிடாதீர்கள். சமாதானம் பேசிப் பேசியே அதைக் கடத்திவிடுகிறவர்கள் உண்டு.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. விற்றவருக்குப் போன் செய்து, அவர் கையெழுத்துப் போட வேண்டிய டிரான்ஸ்பர் படிவங்களும் ஒரிஜினல் ஷேர் சர்டிபிகேட்டும் சொசைட்டிக்குப் போய்விட்டனவா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அவர் வீடு மாறுவதற்கு முன் நேரில் போய்க் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.