நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் நூல்களில் இன்றும் பயன்படுவது எது?
சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-இல் எழுதிய 'ஷெட்யூல்ஸ் ஆஃப் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' (எப்போது வெகுமதி தருவது என்ற விதிமுறைகள்) நூலைத்தான் முதலில் சொல்வேன். பக்கத்துக்குப் பக்கம் வரைகோடுகள்; சோதனைக் கூண்டிலுள்ள புறா கொத்துவதை ஒரு கருவி தாளில் பதிந்தவை. தாள் ஒரே வேகத்தில் நகரும். புறா கொத்தும்போதெல்லாம் பேனா ஒரு படி ஏறும். குறித்த நேரம் கழிந்து கொத்தினால்தான் தீனி என்றால், தின்றதும் புறா சும்மா இருக்கும். நேரம் நெருங்க நெருங்கக் கொத்தல் கூடி, கோடு மேல்நோக்கி வளையும்.

பேச்சையும் ஒரு நடத்தையாகப் பார்க்கும், அதே ஆண்டு வந்த 'வெர்பல் பிஹேவியர்' நூலை 1959-இல் மொழியியலாளர் சோம்ஸ்கி கடுமையாக விமர்சித்தார். அதோடு ஸ்கின்னர் கதை முடிந்தது என்பது தவறு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சியில் அந்நூல் பேச்சைப் பிரித்துக் காட்டும் வகைகள் இன்றும் பயன்படுகின்றன: தண்ணீர் வேண்டுமென்று கேட்பது 'மேண்ட்', தண்ணீரைப் பார்த்துப் பெயர் சொல்வது 'டாக்ட்'. ஒன்று வந்தால் மற்றது தானாக வரும் என நினைப்பதில்தான் பயிற்சி சறுக்கும். பெரும்பாலும் இரண்டையும் தனித்தனியே கற்பிக்க வேண்டியிருக்கும்.