அந்த நத்தைக்கு மூடி இருக்கிறதா, பார்த்தீர்களா?

பாலக்காட்டு எல்லையை ஒட்டி வாழை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "மழை விட்டதிலிருந்து விரல் நீள நத்தைகள் கன்றைத் தின்கின்றன. தோப்பு முழுக்க உப்பு போட்டும் போகவில்லை. ஒருவர் வந்து, இதையே வளர்த்துக் கொடுங்கள், கிலோ கணக்கில் வாங்கிக்கொள்கிறேன், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்கிறார். செய்யலாமா?"

முதலில் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈமு கோழி வளர்க்க முன்பணம் கட்டி ஏமாந்து கொங்கு நாடு பட்டது போதும். நத்தை வாங்குகிறவர் நம்மிடம் ஏன் முன்பணம் கேட்கிறார், அதை யோசித்தீர்களா?

இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் பென்சன் என்கிற வெள்ளைக்காரர் மொரீஷியசிலிருந்து கொண்டுவந்தது கல்கத்தாத் தோட்டம் ஒன்றில் விடப்பட்டு, அங்கிருந்து கிளம்பிய கூட்டம். தானாக ஊர்ந்து எவ்வளவு தூரம் வந்துவிடும்? லாரியில்தான் வருகிறது: எரு, செம்மண், மரத்தடி, எல்லாவற்றையும்விட மலிவு விலை நாற்றுப்பை. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில், ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை. ஆகவே புரோக்கர் இறக்கும் கன்றை மண்ணைக் கிளறிப் பார்க்காமல் வாங்காதீர்கள், மிளகு அளவில் மஞ்சளான முட்டைகள் இருந்தால் வண்டியோடு திருப்புங்கள். எல்லையில் இதைச் சோதிக்க யாராவது உண்டா என்றால், ஓரிடத்தில் நானே கேட்டேன், மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மனு மேசை மாறுவதற்குள் நத்தை இரண்டாம் ஈடு முட்டை போட்டுவிடும்.

உப்பை மண்ணில் கொட்டினால் வாழைதான் வாடும், வாளித் தண்ணீரில் கரையுங்கள். சாயங்காலம் நனைந்த சாக்குக்கு அடியில் முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை வையுங்கள், ராத்திரி வந்து ஒண்டும். கையுறையோடு பொறுக்கி அந்த உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, செத்ததும் புதையுங்கள். நிறைய இருந்தால் கேரள வன ஆராய்ச்சி நிலையம் சொன்ன கரைசல்: 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டராக வற்றக் காய்ச்சி, 60 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த ஒரு லிட்டர் தண்ணீரோடு கலந்து நத்தை மேலேயே தெளியுங்கள். பிளாஸ்டிக் வாளியில்தான் கலக்க வேண்டும், கிணறு, மீன் குட்டை பக்கம் கூடவே கூடாது.

சரி, ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நத்தையெல்லாம் எதிரி இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலையில் உடம்பு செக்கச்செவேல் என்று ஒரு நத்தை உண்டு, வேறெங்கும் கிடையாது, அதை விட்டுவிடுங்கள். மூலத்துக்கு நல்லது என்று நம்மூரில் சாப்பிடும் வயல் நத்தை உருண்டையாக இருக்கும், ஓட்டின் வாயில் கெட்டியான மூடி இருக்கும். ஆப்பிரிக்க நத்தை கூம்பு, பழுப்பில் கோடு கோடாக இருக்கும், மூடியே கிடையாது. எலியிலிருந்து வரும் நுரையீரல் புழு இதற்குள் இருந்தால், அரைவேக்காட்டில் தின்றவருக்கு மூளைக்காய்ச்சல் வரலாம், அதனால் குழம்பு பக்கமே கொண்டுபோகாதீர்கள். இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது, கோடையில் இது வாயை வெள்ளைப் படலத்தால் அடைத்துக்கொண்டு கல் இடுக்கில் தூங்கும். அது மூடி இல்லை, நகத்தால் கீறினால் பொடியாக உதிரும்.