இன்ஜின் மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பழைய கார், தேய்ந்த இன்ஜின், கையில் குறைந்த பணம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

2003 மாருதி 800, ஒன்றேகால் லட்சம் கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. "இன்ஜின் போச்சு, செகண்ட்ஸ் போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். போடலாமா? (கரூர்)

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்தாரா? இரண்டு பக்கக் கடிதத்தில் அந்த வார்த்தையே இல்லை. காலையில் ஒரு நிமிடம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல்தான். இரவெல்லாம் ஹெட்டில் (இன்ஜினின் மேல் பகுதி) தேங்கிய ஆயில் வால்வு கைடு வழியாக இறங்கி எரிகிறது. சீல் செட் சில நூறு ரூபாய்தான். அதற்காக இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

மிதிக்கும்போதெல்லாம் புகை வருகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று பேக் கம்ப்ரஷன் (சிலிண்டரிலிருந்து கசியும் வாயு) அடிக்கிறது என்றால் பிஸ்டன் ரிங்கோ போரோ (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) போயிருக்கிறது. அப்போதும் கம்ப்ரஷன் கேஜ் (அழுத்தம் காட்டும் கருவி) வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்ஜினைச் சூடாக்கி, இக்னிஷன் கனெக்டரையும் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜை வைத்துப் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். 170 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருந்தால் நல்ல இன்ஜின். 140-க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது. சிலிண்டருக்குச் சிலிண்டர் 15-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு).

கேஜ் வைக்காமல் காசை எடுக்காதீர்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இந்த முறையும் எழுத வேண்டியிருக்கிறது.

பழைய காருக்கு 30,000 ரூபாய்க்குள் எந்த இன்ஜின் நல்லது? (ஊர் எழுதவில்லை)

காரையும் எழுதவில்லை. மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா, ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணின் முதல் சில எழுத்துகள், இவ்வளவும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. மாருதியாக இருந்தால் எஃப்8பி, ஜி13பிபி என்று அந்த முதல் எழுத்துகளே இன்ஜினைச் சொல்லிவிடும். பார்த்து எழுதுங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் இன்ஜின் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது? (செங்கல்பட்டு, திருவள்ளூரிலிருந்தும் இதே கேள்வி)

காரிலிருந்து இறக்குவதற்கு முன், ஓட விட்டுக் கேட்டு வாங்கும் இன்ஜின்தான் முதல் தரம். அது கிடைக்காதபோதுதான் தரையில் கிடக்கும் இன்ஜினைச் சோதிக்க வேண்டும்.

பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஆயில் மூடியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பால் டீ நிறத்தில் பசை ஒட்டினால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. தார் போலக் கறுத்துக் கட்டியிருந்தால் ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஹோஸ் வாயில் விரலை விடுங்கள். துரு பொடிப்பொடியாக வந்தால் அது கூலன்ட்டையே பார்க்காத இன்ஜின். பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் பிடிக்காமல், தட்டாமல் சுற்ற வேண்டும். புல்லியை முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் வேண்டாம்.

கடைக்காரர் சம்மதித்தால் சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தட்டு) கழற்றி, ஒரு பிக் எண்டு கேப்பை (கனெக்டிங் ராடை கிராங்கோடு பிணைக்கும் மூடி) மட்டும் அவிழ்த்துப் பேரிங் ஷெல்லைக் கையில் எடுங்கள். ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறம் நல்லது. நடுவில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் மேல் பூச்சு தேய்ந்துபோயிற்று, அடுத்தது கிராங்க்தான். நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுகிற கோடு கிராங்கில் இருந்தால் கிரைண்டிங் செலவும் சேரும். பத்து நிமிட வேலை. சம்ப்பைத் தொடவே விடாத கடையில் வாங்காதீர்கள்.

இன்ஜின் எண் அடித்திருக்கும் இடம் மட்டும் கிரைண்டர் பட்டு வழவழப்பாகவோ புதுப் பெயின்ட்டோடோ இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டு வண்டியானால் அதில் தெரிய வாய்ப்பு உண்டு. இன்ஜின் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில், அது எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல், இரண்டும் கையில் வந்த பிறகு பணம் கொடுங்கள். பில் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லியே ஆக வேண்டுமா? யாரும் பார்ப்பதில்லையே? (ஈரோடு)

சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். பில், பழைய ஆர்.சி. நகல், இன்ஷூரன்ஸ், வண்டி கடனில் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டுங்கள். பிறகு இன்ஷூரன்ஸிலும் எண்ணை மாற்றுங்கள்.

"யாரும் பார்ப்பதில்லை" என்பது விபத்து நடக்கும்வரைதான். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனாலும் எண்ணை ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.

அம்பாசடருக்கு டீசல் இன்ஜின், ஆம்னிக்கு 1300 சி.சி. என்று கேட்டிருப்பவர்களுக்கும் இதே பதில்தான், கொஞ்சம் கண்டிப்பாக. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வேறு வகை இன்ஜினுக்கு எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

ஆம்னிக்கு ஆறு மாதம் முன்பு செகண்ட்ஸ் இன்ஜின் போட்டேன். நன்றாக ஓடியது. இப்போது ஹெட் கேஸ்கட் போய்விட்டது. பழைய இன்ஜினும் இப்படித்தான் சூடாகிப் போனது. தெர்மோஸ்டாட்டைக்கூட எடுத்துவிட்டுத்தான் ஓட்டினேன். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (தேனி)

விற்றவர் மேல் பழி போட முடியாது. முதல் இன்ஜினைக் கொன்றது எதுவோ, அதுவே இரண்டாவதையும் கொன்றிருக்கிறது. அதே ரேடியேட்டர், அதே மூடி, அதே குழாய்த் தண்ணீர். இன்ஜினை மட்டும் மாற்றி என்ன பயன்?

"தெர்மோஸ்டாட்டைக்கூட எடுத்துவிட்டு" என்று நல்ல காரியம் செய்தது போல எழுதியிருக்கிறீர்கள். "நம்ம ஊர் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று அதைக் கழற்றி எறிகிற வழக்கத்தால் நல்ல இன்ஜின்கள் எத்தனையோ வீணாகின்றன. தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 80-லிருந்து 88 டிகிரிக்குள் திறப்பது. அது இல்லாவிட்டால் இன்ஜின் தன் வேலைச் சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டியில் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். ரிங் தேயும், மைலேஜ் விழும். மலைப்பாதையில் ஏறும்போது பார்த்தால் இன்ஜின் அப்போதும் சூடாகும். ஏனென்றால் சூட்டுக்குக் காரணம் அடைத்துக்கொண்ட ரேடியேட்டர். தெர்மோஸ்டாட் அல்ல.

அடுத்தது தண்ணீர். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் பாத்திரத்தில் படிவது போலவே ரேடியேட்டர் குழாயிலும் ஹெட்டின் தண்ணீர் வழிகளிலும் உப்புப் படியும். ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. துருத் தடுப்பான் இல்லாத தண்ணீர் இரண்டையும் அரிக்கும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. 800, ஆம்னிக்கு எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு லிட்டர்தான். ஹெட் போன செலவில் இருபது வருடத்துக்குக் கூலன்ட் ஊற்றலாம்.

இப்போது செய்ய வேண்டியது: ஹெட்டை இறக்கி, நேர்க்கோலை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் ஃபேசிங் (சீவிச் சமப்படுத்துவது) போட வேண்டும். அதற்கு மேல் ஃபேசிங் தாங்காத ஹெட் என்று லேத்காரர் சொன்னால் கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள். ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்யுங்கள், பாதிக் குழாய் அடைத்திருந்தால் புதிது போடுங்கள். புதுத் தெர்மோஸ்டாட்டை வென்னீர்ப் பாத்திரத்தில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைக் கண்டிப்பாக மாற்றுங்கள். இருப்பதிலேயே மலிவான பாகம் அது. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காமல் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஃபேன் சுவிட்ச், வாட்டர் பம்ப், ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு கேஸ்கட் போடுங்கள். ஹெட் போல்ட்டை டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக முறுக்கச் சொல்லுங்கள். கைக்கணக்கு வேண்டாம்.

2009 ஸ்விஃப்ட் டீசல். இண்டிகா விஸ்டாவிலும் அதே 1248 சி.சி. இன்ஜின்தானே? மலிவாகக் கிடைக்கிறது. (திருச்சி)

குடும்பம் ஒன்றுதான், ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். ஆனால் மவுண்டிங், சென்சார், ஒயரிங், ஈ.சி.யூ. எல்லாம் காருக்குக் கார் வேறு. பொருத்தும் கூலியில் மிச்சம் போய்விடும், ஆர்.சி.யிலும் சிக்கல் வரும். அதே காலத்து ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் இன்ஜினைத் தேடுங்கள். 75 குதிரைத்திறன் வகையாக இருக்க வேண்டும். எஸ்எக்ஸ்4, எர்டிகாவில் வந்தது 90 குதிரைத்திறன், டர்போவே வேறு. பி.எஸ்.3-ஆ பி.எஸ்.4-ஆ என்பதையும் ஒப்பிடுங்கள். இதில் டைமிங் செயின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சலசலத்தால் செயின் நீண்டிருக்கிறது. வாங்கிய கையோடு சம்ப்பை இறக்கி ஆயில் ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள்.

ஹாஃப் இன்ஜின் (ஹெட் இல்லாத அடிப்பாகம்) போதுமா, முழு அசெம்ப்ளி வாங்கலாமா? (நாமக்கல்)

உங்கள் ஹெட் நேராக, விரிசல் இல்லாமல் இருந்தால் ஹாஃப் இன்ஜின் போதும். இல்லையென்றால் முழுசு.

போரிங் போட்டு (சிலிண்டரைக் கடைந்து) 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போடச் சொல்கிறார்கள். 0.25 போதாதா? (கோவை)

போரை அளந்துவிட்டுச் சொன்னார்களா? அளந்த பிறகு, கோடுகள் மறையக் கூடிய மிகச் சிறிய அளவே சரி. 0.25-இல் சுத்தமானால் இன்னொரு போரிங்குக்கு இடம் மிஞ்சும். முதலில் பிஸ்டனை வாங்குங்கள், அதை அளந்து அதற்கேற்ப போர் போடட்டும். மாற்றிச் செய்தால் இடைவெளி தவறும். 0.50-உம் தாண்டினால் ஸ்லீவ் (போருக்குள் இறக்கும் புது உறை). கோவையில் நல்ல லேத் கிடைப்பதால் உங்கள் ஊரில் செகண்ட்ஸ் தேடுவதைவிட, இருக்கும் இன்ஜினையே புதுப்பிக்கும் ரீகண்டிஷனே என் தேர்வு.

கார்புரேட்டர் 800-க்கு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின்? (சேலம்)

வேண்டாம். ஒயரிங், ஈ.சி.யூ., டேங்கில் பம்ப், பிரஷர் லைன் என்று செலவு நீளும். கார்புரேட்டர் இன்ஜினே தேடுங்கள்.

இன்ஜின் இறக்கும்போது வேறு எதையெல்லாம் மாற்றுவது? போட்ட பிறகு எப்படி ஓட்டுவது? (மதுரை)

கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின் ஆயில் சீல், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், டென்ஷனர், தேய்ந்த மவுண்டிங். இவற்றைப் பிறகு மாற்றினால் கிளட்சுக்கும் பின் சீலுக்கும் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். இன்ஜினுக்குப் பேசிய விலையில் மூன்றில் ஒரு பங்கை இதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடியுங்கள். போரிங் போட்ட இன்ஜினை மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள். சுமையில்லாமல் ஓடினால் ரிங் போரில் படியாது, பிறகு காலத்துக்கும் ஆயில் குடிக்கும். கசிவு பார்த்ததும் சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். முதல் 1,000 கி.மீ. வரை வேகம் 60-ஐத் தாண்ட வேண்டாம். டாப் கியரில் இழுக்க வைக்கவும் வேண்டாம். 500 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். நுண்ணிய மினுமினுப்பு இயல்பு, விரலில் உறுத்தும் துகள் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு சம்ப்பை இறக்குங்கள்.