மழைக்காட்டு அணையின் மின்சாரம் நிலக்கரியைவிட மோசமாக இருக்க முடியுமா? அதில் புகையே வராதே!

முடியும். எல்லா அணைகளிலும் அல்ல, சிலவற்றில். நீங்கள் ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ‘நீர்மின்சாரம் மாசற்றது’ என்ற விடைக்கே டிக் போட்டுவிடுங்கள், ஒரு மதிப்பெண்ணை ஏன் விடவேண்டும்? உண்மைக் கணக்கு வேறு.

“அப்போ வீட்ல ஃபேன் போடாம இருங்க” என்று பின்னூட்டம் எழுதக் காத்திருப்பவர்களுக்கு: இது அணைக்கு எதிரான பதில் அல்ல. குறுகலான மலைப் பள்ளத்தாக்கில் கட்டும் அணையும், சமதரைக் காட்டைத் தண்ணீரில் அமுக்கும் அணையும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம்.

பிரேசிலின் பல்பினா அணையை எடுத்துக்கொள்ளுங்கள். அமேசானாஸ் மாநிலத்தில், உவாதுமா ஆற்றின் குறுக்கே, மனாவுஸ் நகரத்தின் மின்தேவைக்காகக் கட்டியது. 1987 அக்டோபரில் மதகை அடைத்தார்கள். 50 மெகாவாட் டர்பைன் ஐந்து, ஆக 250 மெகாவாட். மூழ்கியது சுமார் 2,360 சதுர கிலோமீட்டர். மேட்டூர் நிரம்பி நிற்கும்போது சுமார் 150 என்றால் அளவு புரியும். சராசரி ஆழமோ 7.4 மீட்டர்தான். தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி பரவிக் கிடக்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பும் அந்த ஏரியைப்போல் எட்டு மடங்குதான் என்பதால் வரத்து குறைவு. உள்ளே வந்த தண்ணீர் வெளியேறக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிறது.

இங்கே ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லை. நம் செய்தித்தாள்கள் ‘250 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி’ என்று எழுதுவதை எப்போது நிறுத்தும்? மெகாவாட் என்பது திறன், உற்பத்தி யூனிட்டில் வரும். பல்பினாவின் சராசரி சுமார் 112 மெகாவாட். அதை 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் வருடத்துக்கு ஏறக்குறைய 98 கோடி யூனிட். 250ஐ வைத்துப் பெருக்கினால் 219 கோடி. பாதிக்கு மேல் காகிதத்தில் மட்டும் இருக்கும் மின்சாரம்! சோலார், காற்றாலைச் செய்திகளிலும் இதே கூத்துதான்.

சரி, புகை இல்லாத இடத்தில் வாயு எப்படி வருகிறது? காட்டை வெட்டாமல் மூழ்கடித்தால் முதலில் அழுகுவது இலை, சருகு, மேல்மண். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டமரம் காற்றில் மக்கிக் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது (பிரேசில்காரர்கள் அந்தக் காட்சியைப் ‘பலிடெய்ரு’ என்பார்கள், பல்குச்சி செருகும் டப்பா என்று பொருள்). அடியில் நடப்பதுதான் மோசம். மேல்நீர் சுமார் 30 டிகிரி, அடிநீர் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு. இவ்வளவு சின்ன வித்தியாசம் போதுமா என்றால், போதும். வெப்பமான நீரில் ஒரு டிகிரிக்கே அடர்த்தி கணிசமாக மாறும். இரண்டு அடுக்கும் கலக்காது. குளிர்நாட்டு ஏரிபோலக் குளிர்காலத்தில் புரண்டு கலக்கவும் வழியில்லை. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாக்குகின்றன. மீத்தேன் இருபது வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 80 மடங்கு சூடாக்கும்.

ஆழத்தில் அழுத்தம் அதிகம், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு கூடும். அதனால் அடிநீரில் வாயு நிறையக் கரைந்திருக்கும். டர்பைனுக்குப் போகும் இன்டேக் வாய் ஆழத்தில் இருந்தால் அந்த நீர்தான் உள்ளே போகும். மறுபக்கம் வந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. கோலி சோடா உடைக்கும்போது நடப்பதேதான். ஏரியின் மேற்பரப்பில் மட்டும் வாயுவை அளந்துவிட்டு ‘உமிழ்வு குறைவு’ என்று சொல்லும் அறிக்கைகள் இந்த இடத்தைத்தான் விட்டுவிடுகின்றன. டர்பைனுக்குக் கீழே அளந்ததையும் சேர்த்தால் பல்பினா ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி நிலையத்தைவிடப் பல மடங்கு அதிகம் வெளியிடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

“மரத்தை வெட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பலாமே?” ஓரளவுக்கு உதவும், முதல் சில வருட வேகம் குறையும். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் நீர்மட்டம் இறங்கும்போது கரையோரச் சேற்றில் புல் பூண்டு கிடுகிடுவென முளைக்கிறது. மழைக்காலத்தில் அது மூழ்கி அழுகுகிறது. அடுத்த வருடம் மறுபடியும். மனாவுஸில் உள்ள தேசிய அமேசான் ஆய்வு நிறுவனத்தின் ஃபிலிப் ஃபியர்ன்சைடு பல வருடங்களாகச் சுட்டிக்காட்டுவது இதைத்தான். மேல்நீரை எடுக்கும்படி இன்டேக்கை உயர்த்தினால் கீழே போகும் மீத்தேன் குறையும், ஏரிக்குள் குமிழி விடுவது குறையாது. பிரெஞ்சு கயானாவில் 1994இல் நிரப்பத் தொடங்கிய பெத்தி சோ அணையில் இன்னொரு வழி பார்த்தார்கள். அணைக்குக் கீழே ஆற்றில் தடுப்பு கட்டி, நீரை விழவைத்து, காற்றோடு கலக்கச் செய்தார்கள் (ஆற்றின் பெயர் சின்னமாரி, நம்ம ஊர்ப் பெயர் மாதிரியே!). கீழே மீன் பிழைத்தது, மீத்தேன் வானத்துக்குப் போனது.

வாயுவை விட்டாலும் சேதம் மிச்சமிருக்கிறது. பல்பினாவில் மேடுகள் 3,500க்கும் மேற்பட்ட தீவுகளாயின. பாலூட்டிகள், பெரிய பறவைகள், ஆமைகளைக் கணக்கெடுத்ததில், பெரும்பாலான இனங்கள் தாக்குப்பிடிக்கக் கூடியவை ஏறக்குறைய 25 தீவுகள்தான். அணைக்குக் கீழே நடந்ததை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அங்குள்ள ஆற்றோரக் காட்டு மரங்கள் வருடத்தில் பல மாதம் மூழ்கியே வாழ்பவை, ஆனால் மிச்ச மாதங்களில் வேர் காய்ந்தாக வேண்டும். டர்பைன் ஓடக் கோடையிலும் தண்ணீர் விட்டதால் தாழ்வான இடங்களில் வேர் காயவே இல்லை. மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போயின. மேலே, வைமிரி அத்ரோவாரி பழங்குடியினரின் இரண்டு கிராமங்கள் இடம்பெயர்ந்தன. ஆக்சிஜன் இல்லாத அடிநீரில் மண்ணிலுள்ள பாதரசம் மெத்தில் பாதரசமாக மாறி மீன் வழியாக மனிதருக்கு வருவது தனிக் கதை.

இனி ஒரு திட்டத்தை எப்படிச் சோதிப்பது? மெகாவாட்டைச் சதுர கிலோமீட்டரால் வகுங்கள். வரும் எண்தான் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்பது. ஐ.நா.வின் பழைய கார்பன் கிரெடிட் விதியில் (உமிழ்வைக் குறைக்கும் திட்டங்களுக்கு விற்கக்கூடிய சான்று தரும் ஏற்பாடு) 4க்குக் கீழே என்றால் தகுதியே இல்லை, 4 முதல் 10 வரை என்றால் யூனிட்டுக்கு 90 கிராம் உமிழ்வு என்று வைத்துக்கொள்வார்கள், 10க்கு மேல் என்றால் பூஜ்யம். பல்பினா 0.1. பிரேசிலின் இன்னொரு அணை டுக்குருயி (8,370 மெகாவாட், சுமார் 2,850 சதுர கி.மீ.) 2.9.

இதை மட்டும் நம்பினாலும் ஏமாறுவீர்கள். பிரேசிலில் ஷிங்கு ஆற்றின் பெலோ மோன்ச்சே அணை 11,233 மெகாவாட், சுமார் 478 சதுர கி.மீ., அதாவது 23க்கு மேல். அருமையான எண்! அது எப்படி வந்தது? ஆற்றைக் கால்வாயில் திருப்பிவிட்டார்கள். சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள வோல்ட்டா கிராண்டே வளைவில் தண்ணீர் வற்றியது. வெள்ளத்தில் மூழ்கும் காட்டில்தான் ‘பாக்கு’ (pacu) என்ற மீன் முட்டையிடும், தண்ணீரில் விழும் பழத்தைத் தின்னும். இப்போது பழம் வெறும் தரையில் விழுகிறது. நம் பக்கத்துக் கேரளத்தில், கைவிடப்பட்ட சைலண்ட் வேலி அணைத் திட்டத்திலும் மூழ்க இருந்தது சுமார் 8 சதுர கி.மீ., திட்டமோ 100 மெகாவாட்டுக்கு மேல். இந்த வடிகட்டியை அதுவும் சுலபமாகத் தாண்டியிருக்கும். அங்கே கேள்வி எவ்வளவு காடு என்பதல்ல, எந்தக் காடு என்பது.

ஆகவே அறிக்கையில் முழுக்கொள்ளளவு மட்டத்தின் பரப்பையும் குறைந்தபட்ச மட்டத்தின் பரப்பையும் தேடுங்கள். வித்தியாசம்தான் புல் முளைக்கும் சேறு. இன்டேக் எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று வரைபடத்தில் பாருங்கள். மீன்படிக்கட்டு (மீன் அணையைத் தாண்டி ஏறக் கட்டும் படி) என்று போட்டிருந்தால் எந்த மீனுக்கு என்று கேளுங்கள். அமேசானின் கிளையான மதீரா ஆற்றின் டொராடா கெளுத்தி ஆண்டிஸ் அடிவாரத்துக்கும் கடல் முகத்துக்கும் போய்வர 11,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்துகிறது. ஆழமான நீரோட்டத்தில் போகும் அந்த மீன், சால்மனுக்காக யோசித்த படிக்கட்டைத் தேடி வராது. வந்தாலும் அதன் குஞ்சுகள் ஓட்டமில்லாத ஏரியில் அடியில் அமுங்கிவிடும். கீழே விடும் நீரை மாதவாரியாகக் கேளுங்கள். வருடச் சராசரி என்று ஒரே எண் தந்தால், காயாமல் செத்த அந்த மரங்கள் அதில் தெரியாது.