அடிக்கடி மழை பெய்யும் இடத்தில் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்க முடியுமா?

தாராளமாக வளர்க்கலாம். நானும் மழைக்குக் குறைவில்லாத இடத்தில்தான் வளர்க்கிறேன்.

கோழி கொஞ்சம் நனைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் தடவிக்கொள்ளும். தூறல் மேலோடு வழிந்துவிடும். சில்க்கி போன்ற பஞ்சு இறகுக் கோழிகளுக்கு இது பொருந்தாது. அவை தோல்வரை நனைந்து நடுங்கும். அழகாக இருக்கிறதே என்று அவற்றை வாங்கிவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் கோழிகளுக்கு வரும் தொல்லைகளில் பல கூட்டுக்குள் தேங்கும் ஈரத்தால் வருபவை. சாரல் அடிக்கிறதே என்று பலரும் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிக் கூட்டை இறுக மூடிவிடுகிறார்கள். வினையே அதுதான். கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம் வெளியேறும். மூடிய கூட்டில் இதெல்லாம் எங்கே போகும்? தரையில் பரப்பிய உமி, மரச்சீவல் போன்ற கூளம் நசநசத்து, அம்மோனியா கிளம்பும். காலையில் கதவைத் திறந்ததும் உங்களுக்கே கண் எரிகிறதென்றால், இரவெல்லாம் அதற்குள் கிடந்த கோழியின் கண்ணும் மூச்சுக்குழாயும் என்ன பாடுபட்டிருக்கும்! அப்புறம் சளி பிடித்துவிட்டது என்று மருந்து தேடுவதில் அர்த்தமில்லை.

அதனால் கோழி உட்காரும் உயரம்வரை காற்றும் சாரலும் படாமல் அடையுங்கள். அதற்கு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு சாண் இடைவெளி விட்டு, எலி நுழையாதபடி சிறு கண் கம்பிவலை அடியுங்கள். கூரை சுவரைத் தாண்டி 2 அடியாவது நீட்டிக்கொண்டிருக்கட்டும். தரை மேடாக இருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் ஓடிப்போக வழி வேண்டும்.

தரையில் உமியோ மரச்சீவலோ 4 முதல் 6 அங்குலம் கனத்துக்குப் பரப்பித் தினமும் கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். நனைந்த இடத்தை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். சிலர் அப்படியே சுண்ணாம்பைத் தூவுவார்கள். எச்சத்தோடு சேர்ந்த ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு பட்டால் அம்மோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தையும் கவனியுங்கள். கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தால் சிந்துவது வெகுவாகக் குறையும்.

குஞ்சு இருந்தால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். எச்சத்தோடு வெளிவரும் ரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகள், வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே நோயைப் பரப்பத் தயாராகிவிடும். 3 முதல் 6 வார வயதுக் குஞ்சுகள்தான் அதிகம் மாட்டும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி வழிகிற குஞ்சைப் பார்த்தால் உடனே தனியே பிரித்துவிடுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார். வழக்கமான கிருமிநாசினிகளுக்கு இந்த முட்டைகள் எளிதில் சாகாது. கூளம் காய்ந்திருப்பதுதான் பெரிய பாதுகாப்பு.

தீவன மூட்டையைப் பலகைமேல், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த தீவனத்தில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். அது ஈரலைக் கெடுக்கும், வெயிலில் காயவைத்தாலும் போய்விடாது. கட்டி தட்டியதையும் பூசண வாடை அடிப்பதையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கொல்லை சேறாகிவிட்டால் கோழி நடக்கும் பகுதியில் மரச்சில்லுகளைக் கனமாகப் போடலாம். கூரையடியில் ஒரு மூலையில் காய்ந்த மணலும் கொஞ்சம் சாம்பலும் கலந்து வையுங்கள். மண்ணில் புரள முடியாத கோழிக்குப் பேன் தொல்லை சீக்கிரம் வந்துவிடும்.

சேற்றுக் காலோடு ஏறிப் படுப்பதால் முட்டைகளும் அழுக்காகும். முட்டையிடும் பெட்டியில் வைக்கோலை அடிக்கடி மாற்றுங்கள். சேமித்து வைக்கப்போகும் முட்டையைக் கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ரொம்ப அழுக்கானதைக் கழுவி அன்றே சமைத்துவிடுங்கள்.