பழைய விண்டேஜ் கார் தண்ணியில மிதக்குமா?

மிதக்கும். எங்கப்பாவோட அம்பாசிடர் மிதந்துச்சு, நான் அதுக்குள்ள உக்காந்திருந்தேன். எவ்ளோ நேரம்னா ஒரு அரை நிமிஷம் இருக்கும், எங்க சித்திய கேட்டா அரை மணி நேரம்பாங்க.

மொதல்ல, "அம்பாசிடர் விண்டேஜே இல்ல"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: தெரியும் சாமி. வெளிநாட்டுக்காரன் கணக்குல 1930 வரைக்கும் வந்ததுதான் விண்டேஜ், நம்ம கவர்மெண்ட் 2021ல போட்ட ரூல்படி 50 வருஷம் தாண்டணும். எங்களுது மார்க் 4, ரெண்டுலயும் சேராது. ஆனா நெஜ விண்டேஜ் இன்னும் மோசம்ங்க, ஃபோர்டு மாடல் டி-க்கெல்லாம் கால் வைக்கிற எடம் மரப்பலகை, சந்து வழியா தண்ணி வந்துடும். மிதக்கும்னு பேர் வாங்கினது பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில், அடிப்பக்கம் ஃபுல்லா தகடு போட்டு மூடியிருக்கும், அதனால.

எங்க வண்டிக்கு அந்த மாதிரி எல்லாம் இல்ல. துரு புடிச்சி கால் வைக்கிற எடத்துல ரோடே தெரியும். அப்பா ஷீட் வெச்சி வெல்டிங் அடிச்சாரு, அப்புறம் ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுற அவரு சிநேகிதர் ஒருத்தர் வந்து, பரிசலுக்குப் பூசற மாதிரியே தார் காய்ச்சி அடியில ஃபுல்லா பூசி விட்டுட்டாரு. கார் ஸ்டாண்டுல எல்லாரும் "என்னாண்ணே, பரிசல் சவாரிக்கு வருமா"ன்னு ஓட்டுவாங்க.

நான் ஒம்பதாவது படிக்கறப்ப, தருமபுரில ஒரு ரிசப்ஷன் முடிச்சிட்டு ராத்திரி காவேரிப்பட்டணம் பக்கம் எங்க ஊருக்கு வர்றோம், வழியில தரைப்பாலம், மேல தண்ணி போகுது. முட்டிக்காலு தண்ணிதான்னு அப்பா எறக்கிட்டாரு. பாதில ஸ்டியரிங் லேசாயிடுச்சு, பின்பக்கம் அப்டியே தூக்கிச்சு, இன்ஜின் உறுமுது ஆனா வண்டி முன்னாடி போகல, பக்கவாட்டுல போகுது. சத்தமே இல்லாம. "கதவத் தொறக்காதீங்க, யாரும் ஆடாதீங்க"ன்னாரு அப்பா, பரிசல்காரர் சொல்ற மாதிரியே. சித்தி முருகான்னு கத்தினாங்க. அப்புறம் ஓரத்துல இருந்த குத்துக்கல்லுல டம்முனு இடிச்சி நின்னுச்சு, நிக்கவும் பெடல் ஓட்டை வழியா தண்ணி குபுகுபுன்னு உள்ள. ஊர்க்காரங்க கயிறு போட்டு இழுத்தாங்க.

ஏன் மிதந்துச்சுன்னு பின்னாடி டிப்ளமோ படிக்கறப்ப கணக்கு போட்டேன். அம்பாசிடர் சுமார் 1,100 கிலோ. அவ்ளோ எடை தண்ணிய தள்ளினா வண்டி தூக்கிரும். ஆள் உக்கார்ற எடமும் டிக்கியும் சேர்ந்து 3 மீட்டருக்கு ஒண்ணரை மீட்டர்னு வெச்சிக்கங்க, தண்ணி உள்ள வராம இருந்தா அடித்தகட்டுக்கு மேல ஒரு சாண் ஏறினாலே போதும். நாலு பேர் உக்காந்திருந்தா இன்னும் ரெண்டு மூணு விரக்கடை. இன்ஜின் முன்னாடி கனமா இருக்கறதால மொதல்ல தூக்கறது பின்னாடிதான், ஆனா வண்டிய தள்றதே பின் சக்கரம், அது தரையில படலைன்னா சுத்தி என்ன பிரயோஜனம். இது தோராயம்தான், இன்ஜினியருங்க வந்து பாயிண்ட் பிரிக்காதீங்க.

தண்ணில ஓட்டறதுக்குன்னே 1960கள்ல ஜெர்மனில ஆம்ஃபிகார்னு ஒண்ணு செஞ்சாங்க, பின்னாடி ரெண்டு புரொபெல்லர் இருக்கும். அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் விருந்தாளிங்கள ஏத்திக்கிட்டு "பிரேக் புடிக்கல"ன்னு கத்திக்கிட்டே ஏரியில எறக்குவாராம். அதுலயே உள்ள கசியற தண்ணிய எறைக்க பம்ப் வெச்சிருந்தாங்க.

மிதக்கறது வேற, ஓட்டறது வேற. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்போ ஊத்தங்கரையில 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேனும் காரும் ரோட்டுல மிதந்து போனத வீடியோல பாத்திருப்பீங்க. அதெல்லாமும் மிதந்துச்சுதான்.

நீங்க கேக்கறதப் பாத்தா ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்குன்னு தோணுது, இல்லன்னா மன்னிச்சிக்கங்க. வண்டிய நான்தான் இப்ப வெச்சிருக்கேன், தெரிஞ்சவங்க கல்யாணத்துக்கு சும்மா குடுப்பேன், ஒரு போட்டோகிராபர் தம்பி கிருஷ்ணகிரி கேஆர்பி டேம் தண்ணில சக்கரம் முங்கற வரைக்கும் எறக்கச் சொன்னாரு. முடியாதுன்னுட்டேன். அன்னிக்கு தண்ணி போனதுல இன்ஜின் ஆயில் பால் காபி மாதிரி ஆயிட்டு, அத சரி பண்ண எங்கம்மா கம்மல் அடகுக்குப் போச்சு, அது திரும்பி வரவே இல்ல.

இதுல இன்னொண்ணு, பூ ஒட்டறேன்னு பானெட்ல செல்லோடேப் ஒட்டாதீங்கய்யா. போன வைகாசில ஒருத்தர் டேப்ப சர்ருன்னு பிச்சதுல பெயிண்டோட வந்துடுச்சு, கேட்டா "பழைய வண்டிதானேண்ணா"ங்கறாரு. இன்னும் அங்க ஒரு முழத்துக்கு பிரைமர் தெரியுது.