விட்சண்டே தீவுகளில் படகுப் பயணம்: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: மெல்பர்னில் வேலை பார்க்கும் நாங்கள் ஆறு நண்பர்கள் ஜனவரியில் குயின்ஸ்லாந்தின் விட்சண்டே தீவுகளுக்குப் போய், பாய்மரப் படகிலேயே இரவு தங்க விரும்புகிறோம். ‘2 பகல், 1 இரவு’ என்றும் ‘2 பகல், 2 இரவு’ என்றும் விற்கிறார்கள். இரண்டாவது வகைக்கு விலை கூடுதல். எதை எடுக்கலாம்? வானிலை கெட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: இரவுகளை எண்ணாதீர்கள், பகல் வெளிச்சத்தை எண்ணுங்கள். ஓர் உதாரணம் (காலை 6 முதல் மாலை 6 வரை பகல் என்று வைத்துக்கொள்வோம்): முதல் நாள் காலை 9 மணிக்கு, படகுகள் புறப்படும் ஊரான ஏர்லி பீச்சில் ஏறி, மறுநாள் மாலை 4 மணிக்கு இறங்கினால் ஓர் இரவுதான் கணக்கு, ஆனால் சுமார் 19 மணி நேரப் பகல் கிடைக்கிறது. முதல் நாள் மாலை 4 மணிக்கு ஏறி, மூன்றாம் நாள் காலை 10 மணிக்கு இறங்கினால் இரண்டு இரவு. பகலோ சுமார் 18 மணி நேரம்தான். கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஒரு படுக்கைக்கும் இரண்டொரு வேளைச் சாப்பாட்டுக்கும் போகிறது. ஆகவே ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படகின் பெயரையும் அப்படியே கேளுங்கள். விட்சண்டேயில் ஓய்வுபெற்ற பந்தயப் படகுகளும் ஓடுகின்றன, அகலமான இரட்டை உடல் படகுகளும் (கேட்டமரான்) ஓடுகின்றன. பந்தயப் படகு காற்றில் நன்றாகச் சாய்ந்து பறக்கும். அந்த அனுபவத்துக்கு ஈடில்லை. ஆனால் படுக்கை ஒரு பலகை அகலம்தான், அறிமுகமில்லாதவர்களுடன் ஒரே அறையில் தூங்க வேண்டும். இரட்டை உடல் படகு அதிகம் சாயாது, ஆனால் பல நாள் எஞ்சினில்தான் போகும். பாய் விரித்து ஓட்டுவார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். ‘இதே போன்ற வேறு படகு தரப்படலாம்’ என்ற வரி விதிமுறைகளில் இருந்தால், எந்தப் படகு, என்ன படுக்கை என்று முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வைட்ஹேவன் கடற்கரைக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். அதன் வடமுனையில் உள்ள ஹில் இன்லெட்டில் வெண்மணலும் நீலநீரும் சுழன்று கலக்கும் காட்சி, நீர் வற்றும் நேரத்தை ஒட்டித்தான் அழகாகத் தெரியும். உங்கள் தேதியில் வற்றுநேரம் எப்போது, படகு அங்கே எப்போது நிற்கும் என்று கேட்டால் விற்பவருக்குக் கடல் தெரியுமா என்பதும் புரிந்துவிடும்.

ஜனவரியைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: முடிந்தால் மாற்றுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். நவம்பர் முதல் மே வரை, கொட்டினால் உயிருக்கே ஆபத்தான பாக்ஸ் ஜெல்லி மீனும், விரல் நகம் அளவே இருக்கும் இருகாண்ஜி ஜெல்லி மீனும் அங்கே கடலில் அதிகம். உடலை முழுக்க மூடும் மெல்லிய உடை அணியாமல் நீந்தக் கூடாது. அந்த உடைக்குத் தனி வாடகையா, பவளத்திட்டுப் பாதுகாப்புக் கட்டணம் விலையில் சேர்ந்ததா என்று பாருங்கள். கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையையே முன்னிறுத்திக் காட்ட வேண்டும் என்பது ஆஸ்திரேலியச் சட்டம். செப்டம்பரில் போனால் இந்தத் தொல்லைகள் வெகுவாகக் குறையும்.

பணம் திரும்புவதற்கு வருவோம். நீங்களாக மனம் மாறினால் விதிமுறையில் எழுதியதுதான் கிடைக்கும். நிறுவனமே பயணத்தை ரத்து செய்தாலோ, விற்ற பயணத்துக்கும் தந்த பயணத்துக்கும் பொருந்தாமல் போனாலோ கதை வேறு. சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் தரப்பட வேண்டும் என்ற நுகர்வோர் உத்தரவாதத்தை ஒப்பந்த வரி ஒன்றால் அழித்துவிட முடியாது. ஏறும்போது கையெழுத்து வாங்கும் பொறுப்புத் துறப்புப் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். பொழுதுபோக்குச் சேவைகளில் காயம், உயிரிழப்பு தொடர்பான பொறுப்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. அதைக் காட்டி டிக்கெட் பணத்தை மறுக்க முடியாது. பேசித் தீராவிட்டால் குயின்ஸ்லாந்து நியாய வர்த்தக அலுவலகம், பிறகு 25,000 டாலர் வரையிலான வழக்குகளைக் கேட்கும் மாநிலச் சிவில் தீர்ப்பாயம்.

ஆறு பேருக்கும் ஒருவரே பணம் கட்டாதீர்கள். கடைசி வாரத்தில் ஒருவர் விலகினால் நட்பில் கசப்புதான் மிஞ்சும்; ஆளுக்கொரு டிக்கெட், ஆளுக்கொரு காப்பீடு.

கேள்வி: லைசென்ஸ் இல்லாமலே நாங்களே படகை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. விட்சண்டேயில் அப்படித்தான் வாடகைக்கு விடுகிறார்கள். புறப்படும் முன் பயிற்சி விளக்கம் உண்டு, இருட்டும் முன் நங்கூரமிட்டாக வேண்டும். ஆனால் அங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் அதிகம். மாலையில் ஆழமாகத் தெரிந்த இடத்தில் அதிகாலையில் பவளம் தட்டலாம். ஆறு பேரில் ஒருவராவது முன்பு நங்கூரமிட்டுப் பழகியிராவிட்டால், முதல் நாளுக்காவது ஒரு வழிகாட்டி மாலுமியைச் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை எவ்வளவு, எந்தச் சேதத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேளுங்கள். படகை ஏற்கும்போது அதன் அடிப்பக்க விளிம்பு, பாய், கரைக்குப் போகும் சிறு ரப்பர் படகின் எஞ்சின் விசிறி எல்லாவற்றையும் ஊழியர் முன்னிலையிலேயே படம் எடுத்து, பழைய கீறல்களைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.